நடுவில் ஒரு கரை

மந்தாரைப் புயல் சென்னைப் பக்கம் திரும்பிவிட்டது என்று செய்தி வந்தபோது டெல்பின் பர்னாந்தின் கையில் பாதி இட்லி இருந்தது. அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, சட்னி ஒட்டிய விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தபடி கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். சுவரை அடைத்து நின்ற திரையில் வங்கக் கடல் விரிந்து கிடந்தது. நடுவே வெள்ளைவெளேரென்று பம்பரம்போலச் சுழன்றுகொண்டிருந்தது புயல். வடக்கே ஒதுங்கிப் போய்விடும் என்று முந்தின நாள்வரை எல்லோரும் நம்பியிருந்த புயல். இப்போது அதன் மூக்கு நேராகச் சென்னையைப் பார்த்தது.

பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் டெல்பினுக்கு உள்ளங்கை பரபரத்தது. கணிதம் படித்துவிட்டுக் கடலோரத்தில் உட்கார்ந்திருப்பவள் அவள். வருடம் முழுக்கப் பரிசோதனை, அறிக்கை, கூட்டம் என்று ஓடும் வேலைக்கு உயிர் வருவதே இப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

புயல் என்பது சூடான கடல்நீரைக் குடித்து வளரும் ஒரு பிராணி. அதன் வழியில் குளிர்ந்த நீரை விரித்துவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பும். இந்த ஒரு விஷயத்தை வைத்துக் கட்டியதுதான் 'திசைமாற்றி'. ஆளில்லாத படகுகள் நூற்றுக்கணக்கில் கடலில் காத்திருக்கும். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை உறிஞ்சி மேலே கொட்டி, கடல்மேல் நீளமாக ஒரு குளிர்ப்பட்டை போடும். பட்டையை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. இடம் கொஞ்சம் பிசகினாலும் புயல் அதைத் தாண்டி வந்துவிடும். புயலை உந்தும் காற்றும் பட்டையின் தடுப்பும் எந்த இடத்தில் சரிக்குச் சரியாகின்றன, இரண்டின் வித்தியாசம் எங்கே சுழியமாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஓர் எண். அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது டெல்பினின் வேலை.

திசைமாற்றி வந்த பிறகு சென்னையில் ஒரு மரம்கூடச் சாயவில்லை. ஒவ்வொரு புயலும் சொல்லிவைத்தாற்போல் தெற்கே வளைந்து, டெல்டாவின் ஓரத்தில் நெடுமணல் என்னும் கரையில் போய் ஏறியது. நெடுமணலில் மீன்பிடிப்பவர்களும் உப்பு விளைவிப்பவர்களும் இருந்தார்கள். அவர்களை முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் உயிர்ச்சேதம் பெரும்பாலும் இல்லை. வீடும் படகும் உப்புப் பாத்தியும் மட்டும் ஒவ்வொரு முறையும் போயின.

அன்று காலை அறையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வழக்கறிஞர் அஞ்சலாட்சி. நாற்பதைத் தாண்டியவர், நெடுமணலில் பிறந்தவர். திசைமாற்றி இயங்கும்போது உள்ளே இருந்து பார்க்க உயர்நீதிமன்றத்தில் போராடி அனுமதி வாங்கியிருந்தார். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மூலை நாற்காலியில் இருந்தார்.

"ஆரம்பிக்கலாமா டெல்பின்?" என்றார் இயக்குநர் புருஷோத்தமன். திசைமாற்றியை முதன்முதலில் கட்டியவரே அவர்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரலில் மட்டும் அவசரம் போகவில்லை. "உச்சிக்குள்ள படகுங்க கிளம்பியாகணும்."

டெல்பின் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு யூகத்துக்கும் கணினி மொத்தக் கடலையும் வானத்தையும் உள்ளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஒரு யூகத்துக்கு ஒரு டீ குடிக்கும் நேரம். நாலைந்து யூகத்தில் விடை வந்து நின்றது. திரையில் ஒரு சிவப்புக் கோடு புயலிலிருந்து கிளம்பி, தெற்கே வளைந்து, நெடுமணலைத் தொட்டது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. மூலையிலிருந்து அஞ்சலாட்சி மட்டும் எழுந்து வந்தார்.

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்கம்மா" என்றார் புருஷோத்தமன்.

"எப்பவும் எங்க ஊருதானே வருது. ஏன் சார்?"

புருஷோத்தமன் பெருமூச்சு விட்டார். இந்தக் கேள்விக்கு அவர் பல மேடைகளில் பதில் சொல்லிப் பழகியவர். "அம்மா, இதுல எங்க விருப்பு வெறுப்பு எதுவும் இல்ல. சமன்பாடு என்ன சொல்லுதோ அதைச் செய்யறோம். கணக்குக்கு ஊர் பேர் தெரியாது."

"அந்தக் கணக்கு எப்படிப் போடறீங்கன்னு எனக்குக் கொஞ்சம் புரியவைக்க முடியுமா?"

புருஷோத்தமன் டெல்பினைப் பார்த்தார். படகுகள் தயாராக இன்னும் நேரம் இருந்தது. டெல்பின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தச் சமன்பாட்டை நேரடியா பிரிச்சு விடை எடுக்க முடியாது மேடம். அவ்வளவு சிக்கல். அதனால யூகம் பண்ணித்தான் போகணும். கண்ணைக் கட்டி உங்களை ஒரு மேட்டுல விட்டுட்டோம்னு வைங்க. தண்ணி மட்டம் எங்க இருக்குன்னு நீங்க கண்டுபிடிக்கணும். காலடியில சரிவு எப்படி இருக்குன்னு மட்டும் தெரியும். இந்தச் சரிவு இப்படியே நேரா இறங்கினா தண்ணி எங்க வரும்னு கணக்குப் பண்ணி, அங்க ஒரே தாவா தாவணும். அங்க நின்னு மறுபடி சரிவைப் பாக்கணும், மறுபடி தாவணும். நாலஞ்சு தாவுல கால் நனைஞ்சிரும். நியூட்டன் காலத்து வழி. இதைவிட வேகமானது இன்னிக்கும் கெடையாது."

"முதல்ல என்னை எந்த மேட்டுல விடுவீங்க?"

டெல்பினுக்கு அது தெரியாது. திரும்பி இயக்குநரைப் பார்த்தாள்.

"தொடக்க யூகம்னு ஒண்ணு இருக்கு" என்றார் புருஷோத்தமன். "முதல் புயலுக்கு ஒரு எண் வெச்சோம். நல்லா வேலை செஞ்சுது. அதையே வெச்சுட்டு வர்றோம்."

"அதை மாத்தினா விடை மாறுமா?"

"மாறலாம்" என்றாள் டெல்பின். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு முகம் சூடாயிற்று. வளைந்து வளைந்து போகும் சமன்பாட்டுக்குப் பல மூலங்கள், அதாவது பல விடைகள், இருக்கலாம், எந்த மூலத்தில் போய் விழுவாய் என்பது எங்கிருந்து கிளம்புகிறாய் என்பதைப் பொறுத்தது என்று கல்லூரியில் முதல் வாரமே படித்தவள் அவள். இங்கே வந்ததிலிருந்து எத்தனை புயலுக்கு இந்தப் பொத்தானை அழுத்தியிருப்பாள்! ஒருமுறைகூட அந்தப் பெட்டிக்குள் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அப்போ கணக்குக்கு ஊர் பேர் தெரியாதுதான் சார்" என்றார் அஞ்சலாட்சி. குரலில் கோபம் இல்லை. "கிளம்பற இடத்தை வெச்சவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"வேணும்னு வைக்கலைம்மா" என்றார் புருஷோத்தமன். அது உண்மை என்று டெல்பினுக்குத் தெரியும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"சார், வடக்கு முனையிலேர்ந்து ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அவள் பழைய எண்ணை அழித்தாள். புதிய எண்ணை இட்டாள். முதல் தாவல். இரண்டாவது. கோடு துடித்தது, வளைந்தது, இந்த முறை தெற்கே போகவில்லை! வடக்கே ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, வேறொரு கரையில் போய் முட்டியது.

"மேடம்! உங்க ஊர் தப்பிச்சிருச்சு!" டெல்பின் நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டாள். "ரெண்டாவது மூலம் இருக்கு! இவ்வளவு நாளா இருந்திருக்கு!"

அஞ்சலாட்சி திரையின் அருகில் போய், கோடு முட்டிய இடத்தை விரலால் தொட்டார். "இங்க யாரு இருக்கா?"

டெல்பினின் உற்சாகம் அப்படியே இறங்கியது. "மீன்பிடி கிராமங்கதான். அடுத்தடுத்து இருக்கும்."

"அவங்க சார்பா இந்த ரூம்ல யாரும் உக்காரலையே. இருந்திருந்தா நான் கேட்டதைத்தானே அவங்களும் கேப்பாங்க?" அஞ்சலாட்சி கையை எடுத்துக்கொண்டார். "வேணாங்க. எங்க தலையில விழறதை எடுத்து இன்னொருத்தர் தலையில போடச் சொல்லி நான் கேஸ் போடலை."

"அப்படின்னா பழையபடி தெற்கேதான்" என்றார் புருஷோத்தமன். "வேற வழி இல்லைம்மா. முதல் புயலுக்கு எண் வெக்கும்போதே நடுவுல இருந்து ஆரம்பிச்சும் ஓட்டிப் பாத்தேன். அங்க சரிவே இல்லை, சமதளம். தாவினா எங்கயோ தூக்கி எறியுது. கடைசியில சுத்திச் சுத்தி தெற்கேயேதான் வந்து விழும்."

டெல்பின் அவர் பேசியதைப் பாதிதான் கேட்டாள். இரண்டு விடைகளுக்கும் பக்கத்தில் கணினி எழுதியிருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கு மூலத்துக்குக் கொஞ்சம் வடக்கே, வித்தியாசம் கூட்டல் குறியோடு இருந்தது. வடக்கு மூலத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கழித்தல் குறியோடு. விரலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுத்தாள்.

"சார்... கூட்டல். கழித்தல்."

"என்ன?"

"மேடம், இப்படிச் சொல்றேன், சரியா வருதா பாருங்க." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "கூட்டல்னா தரை. கழித்தல்னா தண்ணி. நீங்க தெற்கேயிருந்து நடந்து வர்றீங்க. முதல்ல தண்ணிக்குள்ள இருக்கீங்க. தெற்கு மூலத்துகிட்ட தரையில ஏறுறீங்க. நடந்துகிட்டே இருக்கீங்க. வடக்கு மூலத்துகிட்ட மறுபடியும் தண்ணியிலேர்ந்து தரையில ஏறுறீங்க. அப்படின்னா..."

அஞ்சலாட்சி கடற்கரையில் வளர்ந்தவர். அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. "கரையேறினவ திரும்பவும் கரையேறணும்னா, நடுவுல எங்கயோ இறங்கியிருக்கணும்!"

"அவ்வளவுதான்!" டெல்பின் மேசையைத் தட்டினாள். "நடுவுல இன்னொரு கரை இருக்கு சார்! இருந்தே ஆகணும்! நம்ம தாவுற வழியில அது தட்டுப்படலை, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் சமதளம், நடுவுல மட்டும் குறுகலா ஒரு சரிவு."

புருஷோத்தமன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நடு மூலம்னா... தெற்கு இழுப்பும் வடக்கு இழுப்பும் சமமாகுற இடம். புயல் எந்தப் பக்கமும் போகாது."

"நிக்கும் சார். நடுக்கடல்ல நிக்கும். நின்ன இடத்துலயே கடலைக் கலக்கிக் கலக்கி, அடியில இருக்கற குளிர் தண்ணியை அதுவே மேல கொண்டுவரும். குடிக்கச் சூடு இல்லாம பட்டினியிலயே செத்துப்போகும்."

புருஷோத்தமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தேட எவ்வளவு நேரமாகும்?" என்றார் இயக்குநர்.

"பாதி பாதியா வெட்டிக்கிட்டுப் போறேன் சார். ஒரு பக்கம் தரை, ஒரு பக்கம் தண்ணி. நடுவுல காலை வெச்சுப் பாப்பேன். தரைன்னா கரை அந்தப் பாதியில, தண்ணின்னா இந்தப் பாதியில. மத்ததைத் தள்ளிருவேன். மாட்டுவண்டி வேகம்தான், ஆனா வழி தப்பாது."

"மாட்டுவண்டிக்கு நேரம் இல்லை டெல்பின். படகுங்க இப்பவே கிளம்பணும். நடுவுக்கு அனுப்பிட்டா திரும்பித் தெற்கே கொண்டுவர முடியாது. நீங்க கண்டுபிடிக்கலைன்னா புயல் நேரா சென்னைக்குள்ள வரும். ஒரு கோடிப் பேரும்மா."

அவர் திரையில் சென்னையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடுவதை டெல்பின் பார்த்தாள். அஞ்சலாட்சியும் பார்த்தார். "நான் உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன் சார்" என்றார் தணிந்த குரலில். "எங்க ஊர்ல எல்லாரையும் முகாம்ல சேத்துட்டாங்க. அங்க அனுப்பினாலும் உயிரோட இருப்போம்."

அந்த வார்த்தைதான் டெல்பினைக் குத்தியது. "சார், அது இருக்கும்ங்கறது என் நம்பிக்கை இல்ல. அது இருக்கு. எங்கன்னு மட்டும்தான் தெரியணும்."

புருஷோத்தமன் கண்ணை மூடித் திறந்தார். ஒலிவாங்கியை எடுத்தார். "நெய்னா காக்காவைக் கூப்பிடுங்க."

கேப்டன் நெய்னா முகமது கீழக்கரைக்காரர். மையத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் காக்காதான், அண்ணன்தான். ஆளில்லாப் படகுகளை மேய்க்கும் தாய்க்கப்பல் அவர் கையில் இருந்தது. டெல்பின் விஷயத்தைச் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். நடு மூலம் கத்திமுனையில் நிறுத்திய கோலிக்குண்டு மாதிரி. இம்மி பிசகினாலும் புயல் ஏதோ ஒரு பக்கம் உருண்டுவிடும். புயல் அசைய அசையப் பட்டையையும் கூடவே நகர்த்த வேண்டும். அதற்குத் தாய்க்கப்பல் வழக்கத்தைவிட வெகு பக்கத்தில் நிற்க வேண்டும்.

மறுமுனையில் காற்றின் ஊளை. பிறகு அவர் குரல்: "உள்ள இருக்கற புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேம்மா."

காத்திருந்தார்கள். குரல் திரும்பி வந்தது. "எல்லாரும் சரிங்கறாங்க. நீ எண்ணைக் கண்டுபிடி டெல்பினு. நாங்க நடுவுக்குப் போய்க்கிட்டே இருக்கோம்."

அதற்குப் பிறகு அறையில் யாரும் உட்காரவில்லை.

டெல்பின் வெட்டத் தொடங்கினாள். நடுவில் காலை வைத்தாள். தரை. தெற்குப் பாதியைத் தூக்கிப் போட்டாள். மீதியின் நடுவில் வைத்தாள். தண்ணீர். வடக்கைத் தள்ளினாள். ஒவ்வொரு முறையும் கணினி ஒரு முழுப் புயலை உள்ளே ஓட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அஞ்சலாட்சி கோட்டை எங்கோ போட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "தரை" என்று டெல்பின் சொன்னால் புருஷோத்தமன் படத்தில் ஒரு பக்கத்தை மறைப்பார். "தண்ணி" என்றால் மறு பக்கத்தை. இடைவெளி பாய் அகலத்திலிருந்து முழ அகலமாயிற்று. முழம் சாணாயிற்று.

"இன்னும் எவ்வளவு குறையணும்?" என்றார் அஞ்சலாட்சி.

"நூல் அளவுக்கு."

ஒலிபெருக்கி கரகரத்தது. "டெல்பினு, அலை மேல்தளம் வரைக்கும் ஏறுது. எண்ணைச் சொன்னா போட ஆரம்பிச்சுடுவோம். ரொம்ப நேரம் நிக்க முடியாதும்மா."

டெல்பின் திரையைப் பார்த்தாள். இந்த வேகத்தில் வெட்டிக்கொண்டு போனால் நூல் அளவுக்கு வரும்போது கப்பல் இருக்காது. ஒன்றிரண்டு முயற்சிக்குத்தான் நேரம் இருந்தது.

"சார், தாவப் போறேன்."

"அது தூக்கி எறிஞ்சுடும்!"

"சமதளத்துல நின்னாத்தான் எறியும். இப்ப நாம சரிவுக்குள்ள வந்திருப்போம்னு நெனக்கிறேன். வெட்டி வெட்டி வந்ததால ரெண்டு பக்கமும் வேலி இருக்கு. தாவல் வேலிக்கு வெளிய விழுந்தா ஏத்துக்கமாட்டேன், திரும்ப வெட்டுவேன்."

"வெளிய விழுந்தா ஒரு முயற்சி வீண்."

"ஆமா சார்."

அவர் தலையாட்டினார். அஞ்சலாட்சியின் கை டெல்பினின் தோளை இறுகப் பிடித்தது. டெல்பின் இடைவெளியின் நடுவில் நின்று சரிவை அளந்தாள். அம்மம்மா, என்ன செங்குத்தான சரிவு! அதைப் பிடித்துக்கொண்டு கோட்டை நீட்டினாள். தாவினாள்.

கணினி யோசித்தது. திரையில் புள்ளி மறைந்தது. பிறகு தோன்றியது, இரண்டு வேலிகளுக்கும் உள்ளே.

"உள்ள!" என்று கத்தினாள். "உள்ளதான் விழுந்திருக்கு!"

வித்தியாசம் சட்டென்று சுருங்கியிருந்தது. இன்னொரு தாவல். இந்த முறை வித்தியாசத்தின் முன்னால் சுழியங்களாக வந்து நின்றன. சுழியத்துக்குப் பின் சுழியம், அதற்குப் பின்னும் சுழியம். டெல்பின் ஒலிவாங்கியைப் பிடுங்கி, எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். நெய்னா காக்கா ஒவ்வோர் இலக்கத்தையும் திருப்பிச் சொன்னார். கடைசி இலக்கத்துக்குப் பின் "பிஸ்மில்லாஹ்" என்றார். தொடர்பு அறுந்தது.

படகுகள் நீரைக் கொட்டத் தொடங்கியதைச் செயற்கைக்கோள் காட்டியது. கடல்மேல் நீல நிறத்தில் ஒரு பட்டை மெல்ல வளர்ந்தது. புயல் அதை நோக்கி வந்தது. தெற்கே கொஞ்சம் சாய்ந்தது. பட்டை நகர்ந்தது. புயல் வடக்கே கொஞ்சம் சாய்ந்தது. மறுபடி பட்டை நகர்ந்தது. பிறகு, கடிவாளத்தைப் பிடித்து இழுத்த குதிரை மாதிரி, மந்தாரை நின்றது.

யாரும் கைதட்டவில்லை. நம்பிக்கை வரவில்லை. வெயில் சாயும் நேரத்தில் புயலின் கண் கலங்கத் தொடங்கியது. வெள்ளைச் சக்கரத்தில் ஓட்டை விழுந்தது. "சாகுது" என்று புருஷோத்தமன் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் அறை வெடித்தது. அஞ்சலாட்சி டெல்பினைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே அலைபேசியில் நெடுமணல் முகாமைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போங்க! எல்லாரும் வீட்டுக்குப் போங்க! ஒண்ணும் வராது!" என்று கத்தினார்.

நெய்னா காக்கா தோள்பட்டை எலும்பு முறிந்து கரைக்கு வந்தார். கப்பலின் முகப்பு சப்பளிந்திருந்தது. கூடப் போனவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அதன் பிறகு வந்த வாரங்களில் டெல்பினின் படம் பத்திரிகைகளில் வந்தது. தொடக்க யூகத்தை இனி யாரும் தன்னிச்சையாக வைக்கக் கூடாது, எல்லா மூலங்களையும் கண்டுபிடித்துச் சம்பந்தப்பட்ட எல்லாக் கரைகளுக்கும் காட்ட வேண்டும், அவர்கள் பேசிய பிறகே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நெடுமணலில் இனிப்பு வழங்கினார்கள்.

மழை மட்டும் வரவில்லை.

மந்தாரை கொண்டுவந்த மேகமெல்லாம் நடுக்கடலிலேயே கொட்டித் தீர்ந்துவிட்டது. அடுத்து உருவான ஒரு சின்னப் புயலையும் அதே வழியில் நிறுத்தினார்கள். எல்லாக் கரைகளும் "கடல்லயே விடுங்க" என்றுதான் கேட்டன. கார்த்திகை வெறும் வெயிலாகப் போயிற்று. மார்கழியிலும் வானம் துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது. சென்னையின் ஏரிகள் கோடைக்கு முன்பே வறண்டு வெடித்தன. டெல்டாவில் கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிர் கருகியது. தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்ற டெல்பின், தன் படத்தைப் பத்திரிகையில் பார்த்த யாரும் இப்போது தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள்.

மறு வருட ஐப்பசியில் வங்கக் கடலில் மீண்டும் ஒரு புயல் சுழன்று எழுந்தது. தீர்ப்பின்படி எல்லாக் கரைக்காரர்களும் திரையில் கூடினார்கள். டெல்பின் மூன்று மூலங்களையும் காட்டினாள். வடக்கிலிருந்து பேசியவர் "கடல்ல நிறுத்துங்க" என்றார். சென்னையிலிருந்து பேசியவர் தயங்கினார். ஏரிகளைப் பற்றிச் சொன்னார். பிறகு அவரும் "கடல்" என்றார். அடுத்தது நெடுமணல். அஞ்சலாட்சி முகம் திரையில் வந்தது. அவருக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது.

"டெல்பின், எங்களுக்கு அது வேணும்" என்றார்.

டெல்பினுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது. "மேடம்?"

"கிணறெல்லாம் உப்பாயிருச்சு. குளத்துல ஆடு மேயுது. மூணு நாளா ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினோம். சண்டைகூட வந்துச்சு. கடைசியில கேட்டே ஆகணும்னு முடிவு. காத்தைக் கொஞ்சம் தணிச்சு அனுப்ப முடியுமா?"

"கரைக்குப் பக்கத்துல இன்னொரு பட்டை போட்டா பாதியாவது தணியும். மழை அப்படியே இருக்கும். ஆனா மேடம், பாதி தணிஞ்சாலும் அது புயல்தான்."

"தெரியும்மா. எங்களைவிட யாருக்குத் தெரியும்?" அஞ்சலாட்சி சிரித்தார். "படகையெல்லாம் உள்ள இழுத்துக் கட்டியாச்சு. கூரைக்கெல்லாம் கயிறு போட்டாச்சு. குளத்துக்கு வர்ற வாய்க்காலைத் தூர்வாரி வாயைத் திறந்து வெச்சிருக்கோம். எப்ப வரும்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க."

திரையின் ஓரத்தில் புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மற்ற கரைகளும் சரி என்ற பிறகு, கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு டெல்பின் அன்றே நெடுமணலுக்குக் கிளம்பினாள். தான் அனுப்பும் ஒன்று வந்து சேரும் இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது ஊரே திருவிழாக் கோலத்தில் பரபரத்தது. பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கட்டடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெண்கள் அண்டா, குடம், பிளாஸ்டிக் தொட்டி என்று கிடைத்ததையெல்லாம் மழைநீர் பிடிக்க வாசலில் வரிசையாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். யாரோ வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் காற்று வந்தது. தென்னைகள் ஒரு பக்கமாக வளைந்தன, ஓலைகள் பறந்தன. ஜன்னல் கதவுகள் கிடுகிடுத்தன. குழந்தைகள் கத்தினார்கள். பிறகு மழை இறங்கியது. துளித்துளியாக இல்லை, வானத்தையே சாய்த்துக் கொட்டியது போல. எதிரே பேசுபவரின் குரல்கூடக் கேட்காத இரைச்சல். வாய்க்காலில் செம்மண் நீர் நுரைத்துக்கொண்டு குளத்தை நோக்கிப் பாய்ந்தது. அதைப் பார்த்து ஆண்கள் சீட்டி அடித்தார்கள்.

டெல்பின் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண் ஒருத்தி அவள் காதருகில் குனிந்து உரக்கக் கேட்டாள்: "ஏம்மா, இது நீங்க அனுப்பினதுதானே?"

"நாங்க அனுப்பலைக்கா!" டெல்பினும் கத்த வேண்டியிருந்தது. "நீங்க கூப்பிட்டது!"

அந்தப் பெண் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்து, தன் குடத்தை எடுத்துக்கொண்டு, காற்று சேலையை வாரிச் சுருட்ட, மழைக்குள் இறங்கினாள்.